மனிதன் உதிர்ந்த சொல்: ஜப்பானிய வாடகை ஊர்தியும் அயல்நாட்டுப் பயணியும்

அயல்நாடு செல்லும் ஒருவர் அந்நாட்டு மண்ணில் கால் வைத்ததும் முதலில் காண்பது குடிநுழைவு அதிகாரியை. அடுத்துக் காண்பது பெரும்பாலும் வாடகை ஊர்தி ஓட்டுநரை. அதிகாரியிடம் தாள்களைக் கொடுக்கிறார். ஓட்டுநரிடமோ தம்மையே கொடுக்கிறார். அவருக்கு வழி தெரியாது, மொழி தெரியாது, நியாயமான கட்டணம் எவ்வளவு என்பதும் தெரியாது. இம்மூன்று அறியாமைகளோடும் அவர் முன்பின் அறியாத ஒருவரின் பின்னே அமர்கிறார். அவ்வளவு பெரிய நம்பிக்கையை அவ்வளவு எளிதாக மனிதர் வைக்கும் இடங்கள் சிலவே.

தமிழ் பயின்றோர்க்கு இந்நிலை புதியதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளன. வழியறிந்தவன் அறியாதவனுக்கு வழி கூறுதலே ஓர் இலக்கிய வகையாக மலர்ந்தது நம் மரபில். ஆயினும் ஆற்றுப்படையில் சொல்பவனும் கேட்பவனும் ஒரே மொழியினர். வழி சொல்பவன் கூலி பெறுவதில்லை. வாடகை ஊர்தியில் வழிகாட்டியும் வழிப்போக்கனும் வேற்று மொழியினர். இருவரிடையே பணம் நிற்கிறது. அறியாதவனின் சுமையை அங்கே யார் சுமப்பது? இவ்வினாவுக்கு ஒரு நாடு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகத் தந்துவந்த விடைகளைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாடு ஜப்பான். அதனைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் மூன்று. நம் பேச்சில் நாளும் வழங்கும் ‘ரிக்‌ஷா’ என்னும் சொல் அங்கிருந்து வந்தது. அங்கு வாடகை வண்டியேறிய அயல்நாட்டார் சிலர் தம் பட்டறிவை நூல்களாக விட்டுச் சென்றுள்ளனர். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லாத பெருநகரம் அந்நாட்டின் தலைநகரமாக விளங்குகிறது.

ஜின் - ரிகி - ஷா

தொக்குகாவா ஆட்சி நிலவிய நெடுங்காலத்தில் ஜப்பானியர் பயணத்துக்குச் சக்கர வண்டிகளை மிகுதியாகப் பயன்படுத்தவில்லை. வசதி படைத்தோர் ‘காகோ’ எனப்படும் தூக்குப் பல்லக்கில் சென்றனர், ஏனையோர் நடந்தனர். 1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1870இல், இசுமி யோசுகே, தகாயாமா கோசுகே, சுசுகி தொக்குஜிரோ என்னும் மூவர் ஒருவகை இருசக்கர வண்டியைச் செய்து ஓட்டுவதற்கு டோக்கியோ நிருவாகத்திடம் இசைவு பெற்றனர். ஒருவர் அமர, ஒருவர் இழுத்தோடும் வண்டி அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஜின்ரிகிஷா’. ஜின் என்றால் மனிதன். ரிகி என்றால் ஆற்றல். ஷா என்றால் வண்டி. மனிதனின் ஆற்றலால் ஓடும் வண்டி என்று பொருள்பட்டது அப்பெயர்.

அதன் பரவல் வியப்பூட்டுவது. 1872இல் டோக்கியோவில் மட்டும் நாற்பதாயிரம் வண்டிகள் ஓடியதாகக் கூறுவர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் நாடெங்கும் அவற்றின் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. 1874இல் ஷாங்காய்க்கும், 1880இல் சிங்கப்பூருக்கும் அவ்வண்டி சென்றது. இந்திய நகரங்களும் அதனை ஏற்றன.

வண்டியோடு சொல்லும் கடல் கடந்தது. கடந்த வழியில் அது தேய்ந்தது. ‘ஜின்ரிகிஷா’ ஆங்கிலேயர் நாவில் ‘ஜின்ரிக்‌ஷா’ ஆயிற்று. பின் முதலசை நீங்கி ‘ரிக்‌ஷா’ என நின்றது. அச்சொல்லே தமிழுக்கும் வந்தது. நீங்கிய அசை எது என்பது கருதத்தக்கது. உதிர்ந்தது ‘ஜின்’, அதாவது மனிதன். எஞ்சியவை ஆற்றலும் வண்டியும். முதற்குறையாகச் சொல் சுருங்குவது மொழியியலில் இயல்பே. அதில் யாருடைய உள்நோக்கமும் இல்லை. எனினும் இழுப்பவனை மறந்துவிட்டு வண்டியை மட்டும் நினைவிற் கொண்ட ஒரு காலத்தின் தடமாக அச்சொல் நம் வாயில் தங்கிவிட்டது.

இழுத்தவர்கள் வாய் மூடிக் கிடந்தார்கள் என்றும் எண்ண வேண்டா. 1882இல் டோக்கியோவில் குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டி ஓடத் தொடங்கியபோது பிழைப்பை இழக்கும் நிலையிலிருந்த ரிக்‌ஷாக்காரர்களை ஒகுமியா கென்ஷி முதலியோர் ஒரு கட்சியாகத் திரட்டினர். ‘ஷகாய்தோ’ என்பது அதன் பெயர். ‘வண்டிச் சங்கக் கட்சி’ என்னும் பொருள்தரும் எழுத்துகளால் அது எழுதப்பட்டது. காதால் கேட்பார்க்கு அதே ஒலி ‘சமூகவுடைமைக் கட்சி’ என்றும் பொருள்பட்டது. சிலேடையையே கொடியாக உயர்த்திய அக்கட்சி நெடுநாள் நிலைக்கவில்லை.

இரண்டு பயணிகள்

ஜப்பான் தன் துறைமுகங்களைத் திறந்துவிட்ட பின்னரும் அயல்நாட்டார் விரும்பியவாறு உள்நாட்டில் திரிய இயலவில்லை. 1899 வரை, குறிப்பிட்ட துறைமுக நகரங்களின் எல்லைக்கப்பால் செல்வதற்குத் தனி அனுமதிச் சீட்டுத் தேவைப்பட்டது. அக்காலத்தில் அங்குச் சென்ற இருவரைப் பற்றி ஈண்டுக் காண்போம். ஒருவர் இசபெல்லா பேர்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி; மற்றொருவர் லஃப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர்.

இசபெல்லா பேர்டு 1831இல் பிறந்தவர். 1878இல் நாற்பத்தாறு அகவையில் யோகோஹாமாவில் வந்திறங்கினார். இதோ என்னும் இளைஞரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்திக்கொண்டு, வடபுலம் நோக்கிப் புறப்பட்டார். பயணத்தின் முதற்கட்டமான நிக்கோ வரை ரிக்‌ஷா. தொண்ணூறு மைல் தொலைவை மூன்று நாளில், இடையில் ஆள் மாற்றாமல், ரிக்‌ஷாக்காரர்கள் இழுத்துச் சென்றனர். அப்பயணம் பற்றி அவர் எழுதிய மடல்களின் தொகுப்பு 1880இல் நூலாக வெளிவந்தது.

அந்நூலின் ஒரு செய்தி நெஞ்சில் நிற்பது. வழியில் ரிக்‌ஷாக்காரருள் ஒருவர் கடும் நோய்வாய்ப்பட்டார். தொடர்ந்து இழுக்க இயலாத நிலை. அவர் தாமே ஒரு மாற்றாளைத் தேடிப் பிடித்து ஒப்படைத்தார். பேசிய கூலிக்கு மேல் ஒரு காசும் கேட்கவில்லை. நோயைக் காட்டி இரக்கம் வேண்டவுமில்லை. அவரை விட்டுச் செல்ல நேர்ந்ததற்கு அப்பெண்மணி வருந்தினார். அதே நூலில், ரிக்‌ஷா இழுக்கத் தொடங்கிய ஒருவன் அதன்பின் ஐந்தாண்டுகளே உயிர்வாழ்வான் என்று மக்கள் சொல்வதையும், இதய நோயும் நுரையீரல் நோயும் அத்தொழிலாளரைக் கொண்டுபோவதையும் அவர் பதிவு செய்கிறார். தனித்துச் சென்ற ஒரு பெண் அந்நாட்டில் அச்சமின்றித் திரிய முடிந்ததை மகிழ்ந்து எழுதிய அவர், அந்த அச்சமின்மையின் விலையை யார் கொடுத்தனர் என்பதையும் மறைக்கவில்லை.

மற்றவர் ஹெர்ன். 1850இல் கிரேக்கத் தீவொன்றில் கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்தவர்; அமெரிக்காவில் இதழாளராக இருந்தவர். 1890 ஏப்ரலில் யோகோஹாமாவில் இறங்கினார். பின்னர் அந்நாட்டிலேயே மணம் புரிந்து, 1896இல் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்னும் பெயரோடு 1904இல் மறைந்தார். 1894இல் வெளிவந்த அவருடைய நூல் பழக்கமில்லா ஜப்பானைப் பற்றிய காட்சிகள் எனப் பொருள்படும் தலைப்பை உடையது. அதன் முதற்கட்டுரை அவர் அந்நாட்டில் கழித்த முதல் நாளைப் பற்றியது. அந்நாள் முழுவதும் அவர் ஒரு ரிக்‌ஷாவில் இருந்தார்.

அந்த ரிக்‌ஷாக்காரரை ‘சா’ என்று ஹெர்ன் அழைக்கிறார். ஹெர்ன் ஜப்பானிய மொழி அறியார்; சா ஆங்கிலம் அறியார். பௌத்தக் கோயில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதைச் சாவுக்கு உணர்த்த இயலாமல், ஹெர்ன் தாம் தங்கிய விடுதிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. விடுதிக்காரர் ஒரு சிறு தொடரைச் சொல்கிறார். சாவுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அத்தொடர் ஹெர்னுக்கு மந்திரம்போல் தோன்றுகிறது. மொழியை வாழ்வாகக் கொண்ட ஓர் எழுத்தாளர், அயல்நாட்டின் தெருவில் இரண்டு மூன்று சொற்களுக்காக நின்ற அந்நிலை கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அக்கட்டுரையில் ஹெர்ன் தம் உள்ளத்தையும் ஆராய்கிறார். குதிரை நிற்க வேண்டிய ஏர்க்கால்களுக்கிடையே ஒரு மனிதன் ஓடுவதை மணிக்கணக்காகப் பின்னிருந்து காண்பதே இரக்கத்தை எழுப்பிவிடுகிறது என்கிறார். அம்மனிதன் புன்னகையுடையவனாகவும் சிறு நன்மைக்கும் பெரிதும் நன்றி காட்டுபவனாகவும் இருக்கும்போது அவ்விரக்கம் உறவுணர்வாக மாறுகிறது. வழிந்தோடும் வியர்வை இதயத் துடிப்பின் விலையை எண்ண வைக்கிறது. ஆயினும் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. கோயில் கோயிலாகச் சுற்றினார். இரக்கமும் இன்பமும் ஒரே இருக்கையில் அமர்ந்திருந்தன என்பதை அவர் ஒளிக்கவில்லை. அந்த நேர்மையே அக்கட்டுரைக்கு வலிமை சேர்க்கிறது.

ஆக, முதற்கட்டத்தில் அயலானின் அறியாமையைச் சுமந்தது ஒரு மனிதனின் உடலும் அவனுடைய நாணயமும் ஆகும். சட்டம் அங்கு மிகச் சிறு பங்கே ஆற்றியது.

மீட்டர் என்னும் நடுவர்

மூன்று அறியாமைகளுள் கட்டணம் பற்றியதை முதலில் தீர்த்துவைத்தது ஒரு கருவி. 1891இல் ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் குஸ்தாவ் புரூன் என்பவர் சென்ற தொலைவைக் கட்டணமாக மாற்றிக் காட்டும் மீட்டரை உருவாக்கினார். கட்டணத்தைக் குறிக்கும் ‘டாக்ஸ்’ என்னும் சொல்லோடு அளவியைக் குறிக்கும் ‘மீட்டர்’ சேர்ந்து ‘டாக்சிமீட்டர்’ பிறந்தது. அதன் குறுக்கமே இன்று உலகெங்கும் வழங்கும் ‘டாக்சி’. மீட்டர் பொருத்திய முதல் மோட்டார் வண்டி 1897இல் ஷ்டுட்கார்ட் நகரில் ஓடியது. அதே ஆண்டுகளில் ஓடிவந்த வேறு வாடகை வண்டிகளில் பேரமே நடுவராக இருந்தது. நியூயார்க்கில் முக்கால் மைல் தொலைவுக்கு ஐந்து டாலர் கேட்கப்பட்டதால் சினமுற்ற ஹாரி ஆலன் என்பவர், 1907இல் பிரான்சிலிருந்து மீட்டர் பொருத்திய வண்டிகளை வரவழைத்து ஒரு குழுமத்தையே தொடங்கினார். அவ்வாண்டே இலண்டனில் மோட்டார் டாக்சிகளுக்கு மீட்டர் கட்டாயமாயிற்று.

ஜப்பானில் டாக்சித் தொழிலின் தொடக்கம் 1912 ஆகஸ்டு 5. அன்று டோக்கியோவின் யூராகுச்சோ பகுதியில் ஒரு குழுமம் ஆறு ஃபோர்டு வண்டிகளோடு தொழிலைத் தொடங்கியது. முதல் ஒரு மைலுக்கு 60 சென் கட்டணம். அந்நாளே இன்றும் அந்நாட்டில் டாக்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1923 செப்டம்பர் 1இல் நேர்ந்த பெருநிலநடுக்கம் டோக்கியோவின் டிராம் தடங்களைச் சிதைத்தது. தடம் வேண்டாத மோட்டார் வண்டியின் தேவை அதனால் பெருகியது. 1924இல் ஒசாகாவிலும் பின்னர் டோக்கியோவிலும் ‘என்தாக்கு’ எனப்பட்ட டாக்சிகள் ஓடின. நகருக்குள் எங்குச் சென்றாலும் கட்டணம் ஒரு யென் என்பது அதன் கருத்து. போட்டி கடுமையானபோது அந்த ஒரு யெனும் பேரத்துக்கு உள்ளாகி இறங்கியது.

மீட்டர் பயணிக்கும் ஓட்டுநருக்கும் இடையே நடுவராக அமர்ந்தது. ஜப்பானிய எண் தெரியாதவரும் அதனைப் படிக்கலாம். அயலான் தன் பணப்பையைத் திறந்து காட்டி ‘எடுத்துக்கொள்’ என்று கையேந்தி நின்ற நிலை நீங்கியது. ஆனால் வழியும் மொழியும் தீராத சிக்கல்களாக எஞ்சின.

பெயரில்லாத் தெருக்கள்

வழி பற்றிய சிக்கலை இலண்டன் ஒரு வகையில் தீர்த்தது. 1865 முதல் அந்நகர ஓட்டுநர், சாரிங் கிராஸ் என்னும் நடுவிடத்திலிருந்து ஆறு மைல் சுற்றளவில் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களையும் மனப்பாடமாக அறிந்து, வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும் என்பது விதி. ‘அறிவு’ என்னும் பொருள்தரும் ஒரு சொல்லே அத்தேர்வுக்குப் பெயர். 2000இல் எலினோர் மக்வயர் என்னும் அறிவியலாரின் குழு வெளியிட்ட ஆய்வு, அவ்வோட்டுநர்களின் மூளையில் இடநினைவுக்குரிய பகுதி ஒன்று ஏனையோரைக் காட்டிலும் பெரிதாக இருப்பதைக் காட்டியது. நகரமே ஓட்டுநரின் தலைக்குள் குடியேறியது எனலாம்.

டோக்கியோவில் அது எளிதன்று. அங்குப் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரில்லை. முகவரி என்பது பகுதி, உட்பகுதி, மனைத்தொகுதி, வீடு என உள்நோக்கிச் செல்லும் எண்களின் அடுக்கு. முற்காலத்தில் நிலம் பதிவான வரிசையில் எண்கள் இடப்பட்டமையால் அடுத்தடுத்த வீடுகள் அடுத்தடுத்த எண்களைப் பெறவில்லை. 1962ஆம் ஆண்டுச் சட்டம் எண்களை ஒழுங்கு செய்ய முற்பட்டது; ஆயினும் தெருக்கள் பெயரின்றியே நின்றன. ஆதலின் அந்நகரில் முகவரி கையில் இருந்தும் இடம் தெரியாமல் போவது உள்ளூராருக்கும் நேர்வது.

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1970இல் வெளியிட்ட ஜப்பான் பற்றிய நூலில் முகவரியின்மைக்கென ஓர் இயலே உண்டு. நண்பர்கள் தாள்துண்டில் வழிப்படம் வரைந்து தருவதையும், ஓட்டுநர் வழியில் நின்று தொலைபேசியில் வீட்டாரிடம் வழி கேட்பதையும் அவர் ஆர்வத்தோடு குறிக்கிறார். இத்தகைய நகரை நூலைப் படித்து அறிய முடியாது. நடந்தும் கண்டும் பழகியுமே அறிய முடியும் என்பது அவர் கருத்து. அவ்வகையில் அயலானும் ஓட்டுநரும் ஒரே அறியாமையைப் பங்கிட்டுக் கொள்கின்றனர்.

கருத்தரங்கு ஒன்றன்பொருட்டு டோக்கியோ சென்றபோது இதனை நான் நேரிற் கண்டேன். முகவரியை ஜப்பானிய எழுத்தில் எழுதி விடுதியினர் தந்த தாளை ஓட்டுநரிடம் நீட்டினேன். அகவை முதிர்ந்த அவர் மூக்குக் கண்ணாடியை மாற்றி அணிந்து, இரு முறை படித்து, தலையசைத்து வண்டியை எடுத்தார். உரிய பகுதியை அடைந்தபின் ஒரே சந்தை இரண்டாம் முறை சுற்றியதும் மீட்டரை நிறுத்தினார். பின்னர் வண்டியையும் நிறுத்தி, மூலையிலிருந்த காவற்சாவடிக்குள் சென்றார். அங்கிருந்த காவலர் சுவரிலிருந்த படத்தில் விரல் வைத்துக் காட்டுவது கண்ணாடி வழியே தெரிந்தது. திரும்பி வந்தவர் குனிந்து வணங்கிவிட்டு ஓட்டினார். நின்ற மீட்டர் மீண்டும் ஓடவில்லை. தம் தேடலின் விலையை அவர் என்னிடம் கேட்கவில்லை. நன்றியாகச் சில நாணயங்களைக் கூடுதலாகத் தர முனைந்தேன். அவற்றைத் திருப்பித் தந்துவிட்டார். அன்பளிப்புக் காசு பெறுவது அங்கு வழக்கமில்லை.

இலண்டன் ஓட்டுநரின் பெருமை அறிந்திருத்தலில் உள்ளது என்றால், டோக்கியோ ஓட்டுநரின் பெருமை கேட்கத் தயங்காமையில் உள்ளது. மூலைக்கு மூலை நிற்கும் ‘கோபான்’ என்னும் சிறு காவற்சாவடிகள் அதற்குத் துணை நின்றன. வழி சொல்லுதல் அக்காவலரின் அன்றாடப் பணிகளுள் ஒன்று.

ஒழுங்கின் பின்னால்

வெள்ளைக் கையுறை, தூய இருக்கையுறை, தானே திறக்கும் கதவு ஆகியவற்றைக் கண்டு, இவ்வொழுங்கு ஜப்பானியரின் பிறவிக் குணம் என்று முடிவு கட்டுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1950களின் இறுதியில் டோக்கியோ டாக்சிகளுக்கு ‘காமிகாசே டாக்சி’ என்று பெயர். போரின்போது வானூர்தியோடு பகைக் கப்பலில் மோதி மாண்ட வீரர்களின் பெயர் அது. சிவப்பு விளக்கையும் மதியாமல் உயிரைப் பணயம் வைத்து ஓட்டியமையால் அப்பெயர் ஒட்டியது. ஓட்டுநரின் நிலையான ஊதியம் சிறிது. வருமானத்தில் பங்கு என்னும் முறையே வயிற்றை நிரப்பியது. நாள்தோறும் ஈட்ட வேண்டிய தொகையைக் குழுமங்கள் வரையறுத்தன. வேகம் அதனால் பிறந்தது. விபத்துகள் பெருகி மக்கள் குரல் எழுப்பிய பின்னரே அரசு விழித்தது. 1959இல் நெடுநாள் குற்றமின்றி ஓட்டிய ஓட்டுநர்கள் சொந்தமாக ஒரு டாக்சி வைத்துக்கொள்ள உரிமம் வழங்கப்பட்டது. முதலில் உரிமம் பெற்றோர் 173 பேர். முதலாளிக்காக விரைந்தவன் தன் வண்டியில் நிதானமாக ஓட்டினான்.

1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடைபெற்றது. அயல்நாட்டார் பெருந்தொகையாக வருவர் என்னும் எதிர்பார்ப்பில், ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே ஒரு நெம்புகோலால் திறந்து மூடும் பின்கதவு டாக்சிகளில் பரவியது. அக்கதவு இன்றளவும் அயலாரைத் திகைக்க வைக்கிறது. இரவில் குறுந்தொலைவு கேட்போரை ஏற்ற மறுக்கும் வழக்கம் 1960களில் பெரும் குறையாகப் பேசப்பட்டது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் பெருநகர டாக்சி ஓட்டுநர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என விதித்தது. ஊர்வழி பற்றிய தேர்வும் நடைமுறைக்கு வந்தது.

இவ்வரலாற்றில் ஒருவரைத் தனியே குறிப்பிட வேண்டும். யூ போங்சிக் என்பவர் 1928இல் கொரியாவில் பிறந்து, இளமையில் ஜப்பான் சேர்ந்தவர். அயோகி சதாவோ என்னும் ஜப்பானியப் பெயராலும் அறியப்பட்டார். கொரியர் பல வகையிலும் தாழ்த்தி நடத்தப்பட்ட அந்நாட்டில், 1960இல் கியோத்தோ நகரில் பத்து வண்டிகளோடு அவர் தொடங்கிய குழுமமே பின்னாளில் எம்.கே. டாக்சியாக வளர்ந்தது. பயணிக்கு ஓட்டுநர் நன்றி கூற வேண்டும். கூறாவிட்டால் பயணி கட்டணம் தர வேண்டா என 1970களில் அக்குழுமம் அறிவித்தது. மாற்றுத்திறனாளிகளை முதலில் ஏற்றும் வழக்கத்தையும் அது கைக்கொண்டது. ஒரே பகுதியில் எல்லா டாக்சிகளுக்கும் ஒரே கட்டணம் என்னும் ஏற்பாட்டை எதிர்த்து அது தொடுத்த வழக்கில், 1985இல் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் அதற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஜப்பானிய டாக்சியின் பணிவு என்று உலகம் போற்றுவதை வளர்த்தெடுத்தவர்களுள் முன்னிற்பவர் அந்நாட்டில் அயலாராக வாழ்ந்த ஒருவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. வேற்றூரில் வரவேற்பின்றி நிற்பது எத்தகையது என்பதை அறிந்தவர் அவர்.

இருக்கை மாறிய அயலான்

இருபத்தோராம் நூற்றாண்டில் மூன்று அறியாமைகளையும் கையடக்கக் கருவியொன்று ஏற்றுக்கொண்டது. வழியை அதன் திரை காட்டுகிறது, கட்டணத்தை முன்னரே மதிப்பிட்டுச் சொல்கிறது, பேச்சை மொழிபெயர்க்கிறது. ஹெர்ன் விடுதிக்குத் திரும்பிச் சென்று பெற்ற அந்த மந்திரத் தொடரை இன்று எவரும் நொடியில் பெறலாம். 2024 பிப்ரவரி இறுதியில் ஜப்பான் அரசு பெருநகர டாக்சி ஓட்டுநர்க்குரிய ஊர்வழித் தேர்வை நீக்கியது. வழிகாட்டும் கருவிகள் பரவியமையும் ஓட்டுநர் பற்றாக்குறையுமே அதற்குக் காரணங்கள். நினைவாற்றலுக்கு வைத்த தேர்வு அவ்வாறு முடிவுற்றது.

அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் மற்றொரு முடிவும் எடுக்கப்பட்டது. திறன்பெற்ற அயல்நாட்டுத் தொழிலாளர் பணியாற்றத்தக்க துறைகளின் பட்டியலில் சாலைப் போக்குவரத்தும் சேர்க்கப்பட்டது. பேருந்து, சரக்குந்து ஆகியவற்றோடு டாக்சியும் அதில் அடங்கும். மொழித் தேர்விலும் திறன் தேர்விலும் தேறும் அயல்நாட்டார் இனி அங்கு டாக்சி ஓட்டலாம். முதுமை மிகும் நாட்டில் இளையோர் அத்தொழிலை நாடாமையின் விளைவு இது.

நூற்றைம்பது ஆண்டுகள் பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அயலான் முன்னிருக்கைக்கு வந்துவிட்டான். ஏறும் பயணி ஜப்பானியராகவும் ஓட்டுபவர் அயல்நாட்டவராகவும் இருக்கும் வண்டியில் அறியாமை எந்தப் பக்கம் நிற்கிறது? நம்பிக்கையை வேண்டி நிற்பவர் இப்போது ஓட்டுநரே. இலண்டனிலும் நியூயார்க்கிலும் நெடுங்காலமாகக் குடியேறியோர் பலர் இத்தொழிலில் உள்ளனர். ஜப்பானுக்கு இது புதிது. அயலாரை ஏற்றிச் சென்றதில் புகழ்பெற்ற நாடு, அயலார் ஓட்டும் வண்டியில் எவ்வாறு அமரப் போகிறது என்பதே அதன் விருந்தோம்பலுக்கு இனி வரும் தேர்வு.

முடிவாக

அயலானின் அறியாமையை முதலில் ஒரு மனிதனின் கால்கள் சுமந்தன. பின்னர் மீட்டர் ஒரு பகுதியை ஏற்றது. சட்டமும் தேர்வும் ஒரு பகுதியை ஏற்றன. இறுதியில் கருவி முழுவதையும் ஏற்க முன்வந்துள்ளது. ஒவ்வொரு படியிலும் பயணிக்குப் பாதுகாப்பு கூடியது. அதனை இகழ்வது நன்றிகெட்ட செயல். ரிக்‌ஷாக்காரரின் தேய்ந்த நுரையீரலை மறந்துவிட்டுப் பழங்காலத்தின் கனிவைப் பாடுவதும் முறையன்று. தமிழ்நாட்டில் 1973இல் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கப்பட்டதை நாம் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறோம். கொல்கத்தாவிலோ அவ்வண்டி இருபத்தோராம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

ஆயினும் ஒவ்வொரு படியிலும் ஓட்டும் மனிதன் சற்றே மங்கினான் என்பதும் உண்மை. இசபெல்லா பேர்டு தம்மை இழுத்தவரின் நோயைக் குறித்துவைத்தார். ஹெர்ன் சாவின் முகத்தைத் தம் நூலின் முதற்கட்டுரையிலேயே நிறுத்தினார். இன்று அயல்நாடு சென்று வருவோர் எழுதும் பயண நூல்களில் கட்டடங்கள் உண்டு, உணவு உண்டு, விலைப்பட்டியலும் உண்டு. ஓட்டியவர் எந்த ஊரார், அவர் பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர், அன்று எத்தனை மணி நேரம் வண்டியில் அமர்ந்திருந்தார் என்பவை இல்லை. கேட்க வேண்டிய தேவை போய்விட்டமையால் கேட்கும் பழக்கமும் போய்விட்டது.

ஜப்பானிய மொழியில் அச்சொல் இன்றும் முழுமையாகவே வழங்குகிறது. அசகுசாவிலும் கியோத்தோவிலும் சுற்றுலாவினரை ஏற்றும் வண்டிகளை அவர்கள் ‘ஜின்ரிகிஷா’ என்றே அழைக்கின்றனர். கடல் கடந்த இடத்தில்தான் அதன் முதலசை உதிர்ந்தது. நாமோ அச்சொல்லின் முன் ‘சைக்கிள்’ சேர்த்தோம். பிறகு ‘ஆட்டோ’ சேர்த்தோம். உதிர்ந்த அசையை ஒருநாளும் தேடவில்லை.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தில் சொற்களை ஆள்வோரே மிகுதி. அயல்நாடு செல்லும் வாய்ப்புடையோரும் நம்முள் இப்போது பெருகியுள்ளனர். அடுத்த பயணத்தில் வண்டியில் ஏறி அமர்ந்ததும், கைக்கருவியை ஒருகணம் மடியில் வைத்துவிட்டு, முன்னிருப்பவரை அவர் மொழியில் வணங்கும் ஒரு சொல்லையேனும் கற்றுச் சொல்வோமாக. திரும்பி வந்து எழுதும் பக்கங்களில் அவருக்கும் ஓரிடம் தருவோமாக.